பாடைச்சுழி மிஷினைச் சோணை வென்ற காதை

முப்புறமும் மலை எழுந்து நிற்க, திசையெல்லாம் ஏலக்காய் மணக்க, ஆனி ஆடிக் காற்று அடிக்கிற அடியில் எவன் இடுப்பிலும் வேட்டி நில்லாத போடிநாயக்கனூர் என்னும் பெருநகரின் கடைக்கோடியில், கொட்டகுடி ஆற்றோரத் தோல்காரத் தெருவில் கோலோச்சிய குத்தூசிக் கோமான், எருமைத்தோல் அடக்கிய ஏந்தல், மெழுகுநூல் மார்பன், சோணை என்னும் திருப்பெயர் தாங்கிய தீரன் வாழ்க. அவன் தொடை வாழ்க. அத்தொடைமேல் தோலைக் கிடத்தித் தைத்த முப்பது ஆண்டும் வாழ்க. அவன் மனையாள் சுருளியம்மாளும் வாழ்க. அவளை விட்டுவிட்டுச் சொன்னால் இந்தக் காதை பாதி வழியில் படுத்துவிடும்.

நெடுமுடி மன்னர்க்கு மகுடம் எவ்வாறோ, மலையேறும் கழுதைக்கு வயிற்றுப்பட்டை அவ்வாறு. முதுகின் இருபுறமும் மூட்டை தொங்க, வயிற்றைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, மூட்டை சரியாமலும் கழுதை சாயாமலும் காப்பது, மூன்றடுக்கு எருமைத்தோலை ஒன்றாகச் சேர்த்து இரட்டை வரியில் தைத்த அந்தப் பட்டைதான். போடிமெட்டுப் பாதையிலே, மேகம் காலுக்குக் கீழே கிடக்க, ஒருபுறம் பாறையும் மறுபுறம் பாதாளமுமாய் வளைந்து வளைந்து செல்லும் அவ்வழியிலே, பட்டை ஒன்று அறுந்தால் ஏலக்காய் மூட்டை பாதாளத்துக்குப் போகும். பல சமயம் கழுதையும் துணைக்குப் போகும். சோணை தைத்த பட்டை அறுந்ததாக முப்பது ஆண்டில் ஒரு கழுதையும் குறை சொன்னதில்லை.

இப்படிப் புகழ் ஓங்கி நின்ற புண்ணியவான்மேல் விதி கண்வைத்தது. ஆனந்த வருஷம் ஆனி மாதம் முதல் தேதி, கழுதைப்படைத் தலைவன், மலைக்கு அரிசி ஏற்றி ஏலம் இறக்கும் வள்ளல், ஒரே நாளில் நூறு புதுக்கழுதை வாங்கிப் போடியையே கத்தவைத்த கண்ணுச்சாமி, குடை பிடித்த ஆளோடு தோல்காரத் தெருவுக்குள் எழுந்தருளினான். வந்தவன் உட்காரவில்லை. நின்றபடியே சாசனம் உரைத்தான்.

"ஏலே சோணை, ஆடிப் பதினெட்டுக்குள்ள நூறு பட்டை வேணும். முடியும்னா சொல்லு. முடியாதுன்னா மருதையில தச்சு வாங்கிக்கிறேன். அப்புறம் வருசா வருசம் அங்கதான்."

"முடியும் மொதலாளி" என்றான் சோணை.

வீரர்கள் எப்போதுமே வாக்குக் கொடுத்த பிறகுதான் கணக்குப் போடுவார்கள். ஆடிப் பதினெட்டுக்கு ஐம்பது நாள்கூட முழுசாக இல்லை. ஒரு பட்டைக்கு ஒரு நாள். கையோ, முப்பது ஆண்டு குத்தூசியை அழுத்தி அழுத்தி, வலது பெருவிரல் வீங்கி, காலையில் மடங்க மறுத்து, மத்தியானம் மடங்கினால் நிமிர மறுத்து, தனி ராஜ்ஜியம் கேட்டு நிற்கிறது. தெருவில் ஆள் சேர்த்துத் தைக்கலாமென்றால், மற்றவர் தைப்பது செருப்பு. கழுதைப்பட்டையின் இரட்டைவரி அவர்களுக்குக் கைவராது. மதுரைக்கு அந்த வேலை ஒரு தடவை போய்விட்டால் திரும்பி வராது என்பதும், அது போனபின் தனக்குச் செய்ய வேறு சோலி இல்லை என்பதும் சோணைக்குத் தெரியும். அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

அவ்வேளையில்தான், தேவர்கள் மலர்மாரி பொழிவதற்குப் பதிலாகச் சாரல் பொழிந்துகொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், தண்டோராக்காரன் தெருமுனையில் நின்று முழங்கினான். அம்மையநாயக்கனூர் ரயிலடியில் இறங்கி, வத்தலக்குண்டு கடந்து, பெரியகுளம் கடந்து, மொக்கச்சாமியின் ஒற்றை மாட்டுவண்டியில் மூன்று சீமைத் தையல் மிஷின்களை ஏற்றிக்கொண்டு மதுரை ஏஜெண்டு பங்காருசாமி வந்து, சந்தைப்பேட்டைப் புளியமரத்தடியில் பாசறை இறங்கியிருக்கிறார் என்றும், துணியானாலும் தோலானாலும் தைத்துக் காட்டுவார் என்றும், வேண்டியவர் வரலாம், வேண்டாதவரும் வந்து பார்க்கலாம் என்றும் அந்த முரசறைவோன் அறைந்தான். 'தோலானாலும்' என்ற சொல் சோணையின் செவியில் விழுந்ததும் கையிலிருந்த குத்தூசி தரையில் விழுந்தது.

சுருளியம்மாள் இரண்டு வெள்ளாட்டை விற்றாள். குதிருக்குள் கைவிட்டு, புருஷனுக்கே தெரியாத ஒரு முடிச்சை வெளியே எடுத்தாள். ஆக மொத்தம் அறுபது ரூபாய். அதைச் சேலை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, போருக்கு முன் படைத்தலைவர் உரைப்பதுபோல உரைத்தாள்.

"இங்கேருய்யா, அறுவதுக்கு மேல ஒரு காசு கெடையாது. பூப்போட்டிருக்கு, மினுமினுங்குதுன்னு வாயப் பொளந்துட்டு நிக்காத. எருமத்தோலு மூணடுக்குத் தைக்குதான்னு பாரு. தைக்காட்டி, ரெண்டு ஆட்டையும் திருப்பி வாங்கிக்கிடுவோம்."

படை புறப்படுமுன் ஒரு சடங்கு பாக்கி இருந்தது. சுருளியம்மாளின் அண்ணன் பால்சாமி தேவாரம் என்னும் ஊரில் மாட்டுத்தரகன். தேவாரத்திலிருந்து கம்பம்வரை அவன் கண்படாமல் காளை கைமாறாது. பல்லைப் பிடித்து வயசு சொல்வான், குளம்பைத் தட்டிக் குணம் சொல்வான், சுழி பார்த்து வருங்காலம் சொல்வான். சுழி என்பது மாட்டின் உடம்பில் மயிர் சுழித்து நிற்கும் இடம். அது நெற்றியில் நின்றால் ஒரு பலன், வாலடியில் நின்றால் ஒரு பலன். முதுகுத்தண்டின் இருபுறமும் ஒத்தாற்போல இரண்டு சுழி நின்றாலோ, அது பாடைச்சுழி. அம்மாடு நுழைந்த வீட்டிலிருந்து வருஷத்துக்குள் ஒரு பாடை வெளியேறும் என்பது அந்தப் பக்கத்தில் யாரும் எதிர்த்துப் பேசாத சாத்திரம். அந்தக் குடும்பத்திலோ, கால் உள்ள எந்தப் பொருளையும் பால்சாமி பார்க்காமல் வாங்குவதில்லை என்று ஒரு வழக்கம் வேரூன்றியிருந்தது. தங்கைக்குச் சீதனமாகக் கொடுத்த கயிற்றுக் கட்டிலைக்கூட அவன் நாலு காலையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியேற்றினான். எனவே ஆள் அனுப்பினார்கள். அவனும் தலைப்பாகையோடு வந்து சேர்ந்தான்.

எழுந்தது படை. முன்னே பால்சாமி, கையில் தார்க்குச்சி ஏந்தி; நடுவே சோணை, மூன்றடுக்கு எருமைத்தோலை ஒரு குழந்தையைப்போல மார்போடு அணைத்து; பின்னே சுருளியம்மாள், இடுப்பு முடிச்சில் ஒரு கையும் கணவன் முதுகில் ஒரு கண்ணுமாய். ஆனிக்காற்று அவர்களை எதிர்த்து அடித்தது. தெருநாய்கள் தோல்மணம் பிடித்துப் பின்தொடர்ந்தன. ஏலக்காய் உலர்த்திய முற்றங்களைக் கடந்து, தேநீர் என்றால் என்னவென்று அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த கடைத்தெருவைக் கடந்து, அவர்கள் சந்தைப்பேட்டையை அடைந்தபோது அங்கே பாதி ஊர் ஏற்கெனவே கூடியிருந்தது. போடியில் வேலைநாளில் வேடிக்கை பார்க்க ஆள் கிடைப்பது எப்போதுமே கஷ்டமாக இருந்ததில்லை.

கறுப்புக் கோட்டும் பஞ்சகச்சமும் அணிந்து, வாரில் ஒரு தோல்பை தொங்க நின்ற பங்காருசாமி, வந்தவர்களைக் கும்பிட்டு முதல் மிஷினின் துணியை உருவினார். அப்போது களத்தில் தோன்றினாள் ஒரு சிற்றிடைச் செல்வி. கையால் சுற்றுவது, மேசைமேல் அமர்வது, மயிற்கழுத்து நிறம், உடம்பெல்லாம் பொற்பூ. விலை நாற்பத்தைந்தே ரூபாய். மல்துணியில் அவள் ஓடிய ஓட்டத்தைக் கண்டு பெண்டிர் பெருமூச்செறிந்தனர். பதினைந்து ரூபாய் மிச்சமாகும் என்ற எண்ணம் சோணையின் நெஞ்சில் தேனாய் இறங்கியது. அவன் வாய் மெல்லத் திறப்பதைக் கண்டு சுருளியம்மாள் முதுகில் ஒரு விரலால் குத்தினாள்.

பால்சாமி அந்தச் செல்வியை வலம்வந்தான். குனிந்து பார்த்தான். "காலே இல்லையே மாப்ளே" என்றான். "இது நிக்காது. ஒக்காந்துக்கிட்டே திங்கும்."

சோணை தன் எருமைத்தோலை இரு கையாலும் நீட்டினான். அதைக் கண்ட பங்காருசாமியின் முகத்தில் ஒரு மேகம் படர்ந்தது. ஆயினும் தண்டோராவில் சொன்ன சொல்லை மீற முடியாமல், ஓரடுக்கை மட்டும் பிரித்து மிஷினின் ஊசிக்கடியில் திணித்துக் கைப்பிடியைச் சுற்றினார். எருமை உயிரோடு இருந்த காலத்தில் எத்தனை பிடிவாதமாய்ச் சேற்றில் படுத்திருந்ததோ, அத்தனை பிடிவாதமாய் அதன் தோலும் படுத்திருந்தது. ஊசி ஒருமுறை முட்டியது, இருமுறை முட்டியது, மூன்றாம் முறை இரண்டாய் முறிந்து, விண்ணென்று எழுந்து, கூட்டத்தின் தலைக்குமேல் பறந்து, காய்கறி விற்றுக்கொண்டிருந்த கருத்தம்மாளின் பூசணிக்காயில் பாய்ந்து நின்றது. கருத்தம்மாள் அந்தக் காயை ஏஜெண்டு வாங்கித்தான் ஆகவேண்டும் என்றாள்; அவரும் வாங்கினார்.

இரண்டாவதாக வந்தது ஒரு முதுமறவன். செருப்புத் தைப்பவர்க்கென்றே செய்தது. நீண்டு மெலிந்த இரும்புக் கை. பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம். விலை எழுபத்தைந்து, பேசினால் இறங்கும். பால்சாமி அதன் வாய்க்குள் விரலைவிட்டுத் தடவினான். வழக்கமாகத் தையல் மிஷினில் துணியை முன்னே தள்ளுவதற்கு ஊசிக்குக் கீழே பல்வரிசை ஒன்று இருக்கும். இதில் ஊசியோரம் மேலிருந்து அழுத்தும் கட்டையே தோலைத் தள்ளியதால், கீழே பல் வைக்கவில்லை.

"ஒத்தப் பல்லு இல்ல" என்று பால்சாமி தீர்ப்புரைத்தான். "கெழடு. சந்தையில பல்லு இல்லாதத ஏமாந்தவன் தலையிலதான் கட்டுவாங்க."

பங்காருசாமி மனம் புண்பட்டார். அந்த மிஷினின் அமைப்பே அப்படித்தான் என்று விளக்க முற்பட்டார். மாடு விற்க வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள் என்று பால்சாமி கையமர்த்தினான். சொன்னால் தீராது, செய்தால் தீரும் என்று தோலை மாட்டினார்கள். முதுமறவன் ஈரடுக்கை முனகி முனகித் தைத்தான். மூன்றாம் அடுக்கை வைத்ததும் நடுங்கினான். ஒரு தையல் போட்டு மூன்று தையல் விட்டான். தைத்த தோலைச் சோணை வாங்கி, ஒரு முனையைக் காலில் மிதித்து மறுமுனையைக் கையால் இழுத்தான். வாய்பிளந்த தையலின் வழியாகச் சந்தைப்பேட்டை தெரிந்தது.

இனி மூன்றாவது. பங்காருசாமி கித்தானை விலக்கியபோது, காற்றும் ஒருகணம் நின்றதென்று நேரில் பார்த்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். அவர்கள் அப்போது எதையும் கவனிக்கும் நிலையில் இல்லை. கருமலை ஒன்று கால்முளைத்து நின்றாற்போல் நின்றது அது. வார்ப்பிரும்புக் கால் நான்கு. அகன்ற மிதிபலகை ஒன்று. உரல் பருமனில் உடம்பு. கழுதைக்கழுத்துக் கனத்தில் கழுத்து. தோரணத் தூண்போல ஊசித்தண்டு. பால்சாமி அதன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு வாயடைத்துப் போனான். "நாலு பல்லு" என்றான் மெல்ல. "தேயவே இல்ல. எளங்காளை."

ஏஜெண்டு மிதிபலகைமேல் கால் வைத்தார். மூன்றடுக்கு எருமைத்தோலும், அதைத் தாங்கிய சோணையின் முப்பதாண்டுக் கர்வமும் சேர்ந்து அந்த ஊசிக்கடியில் நுழைந்தன. கடகடவென்று ஓசை எழுந்தது. குத்தூசியால் துளையிட்டு, துளைக்குள் நூல்நுழைத்து, இழுத்து, இறுக்கி, மீண்டும் துளையிட்டு, பெருவிரல் கதறக் கதறச் சோணை காலைமுதல் மாலைவரை நடத்தும் யுத்தத்தை, அந்த இரும்பு, மோர்ச்சோறு விழுங்குவதுபோல விழுங்கி, ஒருவன் வெற்றிலை மடித்துப் போடும் நேரத்தில் மறுபக்கம் துப்பியது. சோணை மிதித்து இழுத்தான். மச்சானும் சேர்ந்து இழுத்தான். தையல் இம்மி பிரியவில்லை. சோணைக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷமா, தன் முப்பது ஆண்டை நினைத்தா என்று அவனுக்கே விளங்கவில்லை.

"என்ன வெலங்க?" என்று கேட்டாள் சுருளியம்மாள்.

"நூற்று நாற்பது" என்றார் பங்காருசாமி.

அறுபதுக்கும் நூற்று நாற்பதுக்கும் நடுவே எண்பது ரூபாய் அகலத்தில் ஒரு கடல் கிடந்தது. பாலம் கட்டுவதற்குக் கல்லும் இல்லை, கட்டித்தர ஆளும் இல்லை. சோணை அந்த மிஷினின் கழுத்தை ஒருமுறை தடவினான். பிறகு கையை எடுத்துக்கொண்டான். சுருளியம்மாள் முடிச்சை இன்னும் இறுக்கிக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள். நூறு பட்டையும் நூறு கழுதையும் மதுரைப்பக்கம் நடக்கத் தொடங்குவது இருவர் கண்ணுக்கும் தெரிந்தது.

ஆனால் பால்சாமி இன்னும் முடிக்கவில்லை. வாங்க முடியாத மாட்டையும் முழுதாகப் பார்த்துவிட்டு வருவதே தரகர் குலதர்மம். அவன் மிஷினின் பின்புறம் போனான். காதைத் திருப்பிப் பார்ப்பதுபோலச் சக்கரத்தைத் திருப்பினான். முதுகை உள்ளங்கையால் நீவினான். நீவிய கை பாதியில் நின்றது. பிறகு தீயில் பட்டாற்போல விலகியது. சீமையிலே வண்ணம் தீட்டிய எந்தக் கம்மாளனோ, அழகு என்று நினைத்து, மிஷினின் முதுகிலே நடுக்கோட்டுக்கு வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாய், ஒத்தாற்போல, பொன்வண்ணத்தில் இரண்டு சுழி போட்டிருந்தான்.

"பாடைச்சுழி" என்றான் பால்சாமி.

அவன் உரக்கச் சொல்லவில்லை. உரக்கச் சொல்லத் தேவையும் இல்லை. புளியமரத்தடியில் கூடியிருந்த பாதி ஊரும் ஒரே மூச்சாய் மூன்றடி பின்வாங்கியது. முதுமறவனை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒருவன்கூட எழுந்து போனான். பழங்காலப் போர்க்களங்களில் யானைப்படை உடைந்து ஓடியபோதும் இத்தனை ஒழுங்காக ஓடியதில்லை. பங்காருசாமி அது வெறும் பெயின்ட்டு என்றார். பாடையும் வெறும் மூங்கில்தான் என்று கூட்டத்தில் யாரோ பதில் சொன்னார்கள்.

அடுத்த அடி சொந்தப் பாசறையிலிருந்தே விழுந்தது. வண்டிக்காரன் மொக்கச்சாமி மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து நின்றான். "சாமி, தெரியாம இம்புட்டுத் தூரம் ஏத்திட்டு வந்துட்டேன். இனி இத என் வண்டியில ஏத்த மாட்டேன். பிள்ளகுட்டிக்காரன்" என்றான். வேறு வண்டியும் அன்று போடியில் கிடைக்காது என்பது, அங்கிருந்த மற்ற வண்டிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக மேற்கே மலையைப் பார்க்கத் தொடங்கியதில் தெரிந்தது. மழை வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது விலை சரியத் தொடங்கியது. நூற்று நாற்பது நூற்றிருபதாயிற்று, யாரும் அசையவில்லை. நூறாயிற்று, ஓர் ஆடு கத்தியது. எண்பதாயிற்று. பங்காருசாமி கோட்டுப் பொத்தானைக் கழற்றி, நெற்றியைத் துடைத்து, போடிமெட்டுச் சிகரத்தையும் தம் மதுரை முதலாளியையும் மனத்தில் ஒருசேர நினைத்து, கடைசியில் சொன்னார்: "அறுபது. அதற்குக் கீழே போனால் எனக்கு வேலை போய்விடும்."

வரமும் சாபமும் ஒரே வண்டியில் வந்து இறங்கியபோது வீரன் என்ன செய்வான்? வாங்கக்கூடிய விலையில் மிஷின் நிற்கிறது. தைக்கக்கூடிய மிஷின் அது ஒன்றுதான். அதன் முதுகிலோ பாடை நிற்கிறது. சோணையின் தகப்பன் ஒரு காலத்தில் பாடைச்சுழி மாடு ஒன்று மலிவாய்க் கிடைத்ததென்று ஓட்டிவந்து, அடுத்த மாசியில் போய்ச் சேர்ந்தான். ஒருபக்கம் நூறு பட்டை, மறுபக்கம் தன் உயிரோ சுருளியம்மாள் உயிரோ. அவன் மனைவியைப் பார்த்தான். அவள் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்த்துக்கொண்டிருந்தவள் முன்னே வந்தாள். மழைச்சாரலை முந்தானையால் துடைத்தாள். இந்தக் காதையில் இதுவரை உரைக்கப்பட்ட எல்லாச் சாசனத்துக்கும் மேலான சாசனத்தை, கத்தரிக்காய் விலை கேட்கும் குரலில் உரைத்தாள்.

"ஏண்ணே, இது என்ன மாடா?"

"நாலு காலு, நாலு பல்லு" என்றான் பால்சாமி. "பெறகு என்னவாம்?"

"மாடுன்னா ஏர் இழுக்கும், வண்டி இழுக்கும். இது இழுக்குமா? ஒரே எடத்துல நிக்கும். குடுத்தத வாங்கிக்கிடும். காலால ஒதைச்சாத்தான் ஓடும். தைக்கப் போறதும் கழுதப்பட்டை. அப்ப இது கழுதைதான? கழுதைக்கு எவன்ணே சுழி பாத்தான்?"

பால்சாமி தலைப்பாகையை அவிழ்த்தான், தலையைச் சொறிந்தான், மீண்டும் கட்டினான். தகப்பன் வழியிலும் தாத்தன் வழியிலும் வந்த சுழிசாத்திரம் முழுவதையும் உள்ளுக்குள் ஒருமுறை ஓட்டிப்பார்த்தான். காளைக்கு உண்டு, பசுவுக்கு உண்டு, குதிரைக்கும் உண்டு. கழுதைக்கு எங்கும் ஒரு வரியில்லை. பொய் சொல்லி அவனுக்குப் பழக்கமுண்டு. ஆனால் சாத்திரத்தில் சொன்னதில்லை.

"கழுதைக்குச் சுழி கெடையாது" என்று அவன் ஒப்புக்கொண்டான். "கழுதைக்குப் பாக்குறது ரெண்டே ரெண்டுதான். சொமக்குதா, ஒதைக்குதா. சொமக்கிறதப் பாத்தாச்சு. இங்க ஒதைக்கப் போறது நம்மதான். தாராளமா வாங்கலாம் மாப்ளே."

கூட்டம் மூன்றடி முன்னே வந்தது. வண்டிக்காரன் மொக்கச்சாமியும் கழுதையென்றால் ஏற்றலாம் என்றான். அதைக் கேட்டதும் பங்காருசாமியின் முகத்தில் கதிரவன் உதித்தான். அவர் கோட்டுப் பொத்தானைத் திரும்பப் போட்டார். "அப்படியானால் மிஷினில் குறையே இல்லை" என்றார். "வண்டியும் இருக்கிறது. விலை பழையபடி நூற்று நாற்பது."

சோணை சுருளியம்மாளின் இடுப்பு முடிச்சைப் பார்த்தான். கைக்கு வந்தது கடலுக்கு அந்தப்புறம் மீண்டும் போய் நின்றது. ஆனால் விலை என்ற சொல் காதில் விழுந்த இடத்தில் விழித்துக்கொள்ளும் குலத்தில் பிறந்தவன் பால்சாமி. முப்பது வருஷத் தரகில் சேர்த்த மூச்சையெல்லாம் திரட்டி, தார்க்குச்சியைத் தரையில் ஊன்றி, அவன் நிமிர்ந்தான்.

"ஏஜெண்டய்யா, நல்லா கேட்டுக்கங்க. மாடுன்னா நூத்திநாப்பது தரலாம். ஆனா பாடைச்சுழி இருக்கு, ஒருத்தனும் தொடமாட்டான், வண்டியும் ஏறாது. கழுதைன்னா சுழி இல்ல. ஆனா இந்த ஊர்ல ஒசந்த கழுத பதினஞ்சு ரூவா. எங்க மாப்ள அறுவது தாராரு. மாடா, கழுதையா? நீங்களே சொல்லுங்க, ஒங்க வாய் சொன்னா சரி."

பங்காருசாமி 'மிஷின்' என்று சொல்ல வாயெடுத்தார். பாதி ஊர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மாட்டை நினைத்தார், கழுதையை நினைத்தார், வத்தலக்குண்டு ரோட்டுச் சேற்றை நினைத்தார். மெட்ரிகுலேஷன்வரை இங்கிலீஷில் படித்த அந்த மனிதர் கடைசியில் தலைகுனிந்து சொன்னார்.

"கழுதைதான்."

எழுந்தது ஆரவாரம். மலைமுகட்டில் மேகம் சிதறியது, புளியமரம் குலுங்கியது, ஏதோ கல்யாணம் என்று நினைத்து ஒரு மேளக்காரன் ஓடிவந்தான். சுருளியம்மாள் முடிச்சை அவிழ்த்து அறுபது ரூபாயை எண்ணிக்கொடுத்தாள். பங்காருசாமி அதை வாங்கிப் பைக்குள் போடும்போது, அந்தத் தோல்பையின் வார் ஒருபக்கம் பிய்ந்து தொங்குவதைச் சோணை கண்டான். பையை வாங்கி, புது மிஷினில் மாட்டி, தானே முதன்முதலாய் மிதித்து, வாரைத் தைத்துக் கையில் கொடுத்தான். ஏஜெண்டு அதை இழுத்துப் பார்த்தார். "நல்ல கழுதை" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

அதற்குப் பின் நிகழ்ந்ததைச் சொல்ல ஆயிரம் நாவு வேண்டும். இருப்பது ஒன்றுதான் ஆதலால் சுருக்கமாகச் சொல்கிறேன். கால்வேறு தலைவேறாகக் கழற்றப்பட்டு, கண்ணுச்சாமியின் இரண்டு கழுதைமேல் பவனிவந்து, தோல்காரத் தெருவில் ஆரத்தி பெற்று, அந்தக் கருமலை சோணையின் வீட்டுக்குள் குடியேறியது. சுருளியம்மாள் தோல்வெட்டினாள், சோணை மிதித்தான். நாளொன்றுக்கு மூன்று பட்டை, மழைவிட்ட நாளில் நாலு. நாளடைவில் பெருவிரல் வீக்கம் வடிந்தது. ஆடிப் பதினாறாம் தேதி கண்ணுச்சாமி வந்து, நூறு பட்டையையும் ஒவ்வொன்றாய் மிதித்து இழுத்து, இழுத்து இழுத்துத் தானே மூச்சுவாங்கி உட்கார்ந்தான். "அடுத்த வருசம் எரநூறு" என்றான். மதுரையைப் பற்றி அவன் மூச்சுவிடவில்லை, இருந்தால்தானே விட.

ஆடிப் பதினெட்டு. கொட்டகுடி ஆறு நுரைபொங்கி ஓட, ஆற்றுமணலில் ஊர்ப்பெண்கள் மஞ்சள்நூல் கட்டி நிற்க, அரிசிமூட்டை சுமந்த நூறு கழுதை, நூறு புதுப்பட்டை பளபளக்க, ஒன்றன்பின் ஒன்றாய், கத்தும் கழுதை கத்த, கத்தாதது அதைப் பார்த்துக் கத்த, போடிமெட்டு மலைமேல் ஏறிய அந்தக் காட்சியை ஆற்றங்கரைப் பாறைமேல் நின்று சோணை கண்டான். முதல் வளைவு கடந்தன, இரண்டாம் வளைவு கடந்தன, மேகத்துக்குள் நுழைந்தன, மேகத்துக்கு மேலே தோன்றின, ஒரு மூட்டை சரியவில்லை, ஒரு பட்டை நெகிழவில்லை. வீடு திரும்பியவன் தன் குத்தூசியைக் கழுவி, மஞ்சள் பூசி, சுவரில் ஆணியடித்து மாட்டி, முப்பதாண்டு உழைத்த படைக்கலத்துக்கு ஓய்வளித்து, தெருவார் அனைவரும் கேட்க முழங்கினான்: இனி இந்த வீட்டில், இந்தப் பிறவியில், சூரிய சந்திரர் உள்ளளவும், கொட்டகுடி ஆற்றில் நீர் உள்ளளவும், சோணையின் கை ஒரு தோலையும் தைக்காது, சீமை இரும்பே தைக்கும், தைக்கும், என்றென்றும் தைக்கும்.

மறுநாள் காலை மிஷின் சக்கரத்தை ஓட்டும் தோல்வார் அறுந்துபோனது. அதைச் சோணை கையால் தைத்தான்.